உழைக்கும் உடலின் உரிமை

நுழையும்முன்

நாள் முழுவதும் உடலால் உழைப்பவருக்குத் தனியே உடற்பயிற்சி தேவையில்லை என்பது பலருடைய எண்ணம். உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்கிறது மருத்துவ அறிவியல். அவ்வாறெனில், உழைப்பவர்களுக்கு அந்தப் பயிற்சி ஏன் எட்டாமல் இருக்கிறது? அவர்களது சோம்பலா காரணம்? நேரமும் இடமும் கூலியும் அமைந்திருக்கும் முறையா காரணம்? பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் தறிகளையும் கடைகளையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சி அம்மன் கோயில், கச்சபேசுவரர் கோயில் ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்டது பெரிய காஞ்சிபுரம். அதன் அகன்ற வீதிகளில் பட்டுச்சேலைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அக்கடைகளில் விற்கப்படும் சேலைகள் பிறக்குமிடமோ பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளின் வீடுகள். அவ்வீடுகளின் முன்கூடத்தில் தறி இருக்கும். தறியைச் சுற்றியே குடும்பம் வாழும். பொழுது விடிந்தது முதல் விளக்கு வைத்த பின்னும் தறியின் ஓசை தெருவில் கேட்டுக்கொண்டிருக்கும்.

அத்தகைய தெருவொன்றில் வாழும் நடுத்தர வயது நெசவாளர் ஒருவர் முதுகுவலிக்காக மருத்துவரிடம் செல்வதாக வைத்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்த்ததில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மிகுந்திருக்கின்றன. மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர், “நாள்தோறும் அரைமணி நேரம் நடைப்பயிற்சி செய்யுங்கள்” என்கிறார். “விடிந்தது முதல் கையும் காலும் ஓயாமல் வேலை செய்கிறேன் ஐயா. இதற்கு மேலும் எனக்கு என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது?” என்று நெசவாளர் கேட்கிறார்.

மருத்துவர் கூறியது சரி. நெசவாளரின் கேள்வியும் நியாயமானதே. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எவ்வாறு என்பதை அறிய, முதலில் தறியின் முன் அமர்ந்திருக்கும் உடலைக் கவனிக்க வேண்டும்.

தறிக்குழியில் ஓர் உடல்

காஞ்சிபுரத்தில் வழிவழியாகப் பயன்பட்டு வருவது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, குழியின் விளிம்பில் நெசவாளர் அமர்கிறார். மிதிக்கட்டையை மிதித்தால் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அவ்வழியே நாடா ஓடி ஊடை நூலைச் செலுத்தும். பின்னர் அந்நூலைப் பலகையால் இழுத்து அடித்து நெருக்க வேண்டும். மிதித்தல், செலுத்துதல், அடித்தல் என்னும் இம்மூன்று செயல்களும் ஒரு நாளில் பல்லாயிரம் முறை நிகழ்கின்றன.

காஞ்சிபுரப் பட்டின் தனிச்சிறப்பாகிய கோர்வை வேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டுப் பிரியாதவாறு இணைக்கப்படுகின்றன. மூன்று நாடாக்கள் இயங்குவதால் நெசவாளருக்குத் துணையாக மற்றொருவரும் பக்கத்தில் அமர வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். ஓடி விளையாட வேண்டிய வயதில் அவர்கள் தறியோரத்தில் அமர்ந்திருந்தனர். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான சட்டங்களும் இயக்கங்களும் அவர்களில் பலரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றன.

இவ்வேலையில் கையும் காலும் அசைந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் உடலின் பிற பகுதிகள் அசைவதில்லை. சாய்வு இல்லாத இருக்கையில் முதுகு முன்னோக்கி வளைந்திருக்கிறது. இழை அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கழுத்து மணிக்கணக்கில் குனிந்திருக்கிறது. தோள்பட்டை உயர்ந்தே நிற்கிறது.

தசை சுருங்கி விரியும்போது அதனூடே இரத்தம் தடையின்றிப் பாயும். சுருங்கிய நிலையிலேயே நெடுநேரம் நின்றுவிட்டால் இரத்தக் குழாய்கள் அழுந்துகின்றன. தசைக்கு வேண்டிய உயிர்வளி குறைகிறது. களைப்பும் வலியும் தோன்றுகின்றன. நடக்கும்போது கால்தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலேற்றுகின்றன. இதயம் சற்று விரைந்து துடித்துப் பின்னர் அமைதி பெறுகிறது. தறியில் அமர்ந்திருப்பவருக்குச் சோர்வு நிறைய உண்டு. இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தும் இயக்கமோ குறைவு.

நெசவுத் தொழிலில் இயக்கம் நிறைந்த வேலைகளும் உண்டு. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சியிட்டு, நூல்களை நீவி ஒழுங்குபடுத்தும் வேலை அவற்றுள் ஒன்று. பலர் கூடி, பேசிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்து செய்யும் பணி அது. ஆயினும், அது எப்போதோ சில மணி நேரம் நிகழ்வது. தறிக்குழியில் கழியும் காலமே மிகுதி.

லண்டன் பேருந்து கற்பித்தது

உடலியக்கத்துக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஆய்வு உழைப்பாளர்களிடமிருந்தே தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டன் நகரப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நிலையை ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். அனைவரும் 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஆண்கள்.

லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை அமர்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகளை ஏறி இறங்கினார். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே நிறுவனம். எனினும், ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில், கடுமை குறைந்தே வந்தது. 1953ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வில், நடந்து சென்று கடிதம் கொடுக்கும் அஞ்சல்காரர்களும் மேசைப் பணியாளர்களும் ஒப்பிடப்பட்டனர். அங்கும் அதே வேறுபாடு காணப்பட்டது.

வேலையே பயிற்சியாக அமைய முடியும் என்பதற்கு லண்டன் நடத்துநர் ஒரு சான்று. ஆனால், எல்லா வேலையும் அவ்வாறு அமைவதில்லை. நடத்துநர் ஏறினார், இறங்கினார், நடந்தார், இடையிடையே நின்றார். அவருடைய உடல் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

*தொழில்வழி நோய்களைப் பற்றிய முன்னோடி நூலை எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. அந்நூல் 1700ஆம் ஆண்டு வெளிவந்தது. நோயாளியிடம் கேட்க வேண்டிய வழக்கமான கேள்விகளோடு “நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?” என்பதையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அவர் வலியுறுத்தினார். அமர்ந்தே வேலை செய்வோர் விடுமுறை நாள்களிலாவது உடலுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதும் அவருடைய அறிவுரை.*

ஒரே உடல், இருவேறு விளைவுகள்

மாரிஸின் ஆய்வுக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, டென்மார்க் நாட்டிலிருந்து வியப்பூட்டும் முடிவொன்று வெளிவந்தது. ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் தலைமையிலான குழுவினர் கோபன்ஹேகன் பகுதி மக்கள் 1,04,046 பேரைப் பற்றிய தகவல்களை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 2021ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன.

ஓய்வு நேரத்தில் மிகுதியாக உடலியக்கத்தில் ஈடுபட்டவர்களிடையே இறப்பு விகிதம், குறைவாக ஈடுபட்டவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தது. பணி நேரத்தில் மிகக் கடுமையாக உடலுழைத்தவர்களிடமோ, அவ்வாறு உழைக்காதவர்களைவிட அது 27 விழுக்காடு மிகுந்திருந்தது. உடலியக்கம் ஓய்வு நேரத்தில் நிகழ்ந்தால் நன்மையோடும், வேலையாக நிகழ்ந்தால் தீமையோடும் தொடர்புற்றிருந்தது. இதனை ‘உடலியக்க முரண்’ என்று அறிஞர் அழைக்கின்றனர்.

இதற்கு ஆய்வாளர்கள் சில காரணங்களைக் கூறுகின்றனர். விளையாட்டோ நடைப்பயிற்சியோ குறுகிய நேரமே நீடிக்கும். இதயத் துடிப்பை உயர்த்தும். பின்னர் உடலுக்கு ஓய்வு கிடைக்கும். வேலையோ எட்டு அல்லது பத்து மணி நேரம் தொடரும். இதயத்தை வலுப்படுத்தும் அளவுக்கு அதில் விரைவு இருப்பதில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தை நெடுநேரம் உயர்த்தியே வைத்திருக்கும். பயிற்சி செய்பவர் களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். தொழிலாளர் தாம் விரும்பிய நேரத்தில் நிறுத்த இயலாது. ஒரு நாளின் களைப்பு தீரும் முன்னரே மறுநாள் வேலை தொடங்கிவிடுகிறது.

இம்முடிவை எல்லா ஆய்வாளரும் ஒருமனதாக ஏற்கவில்லை. கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர் பெரும்பாலும் வறியவர்கள் என்பதையும், உணவு, உறைவிடம், மருத்துவ வசதி ஆகியவற்றில் அவர்கள் பின்தங்கியிருப்பதையும் சிலர் சுட்டிக்காட்டுகின்றனர். தீமைக்குக் காரணம் உழைப்பன்று, வறுமையே என்பது அவர்களது வாதம். எவ்வாறாயினும் ஒன்று தெளிவாகிறது: நாள் முழுவதும் உழைத்தார் என்பதனாலேயே ஒருவருடைய உடல்நலம் காக்கப்பட்டுவிட்டதாகக் கருத முடியாது.

நெசவாளரின் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. அவர் உழைத்தது உண்மை. அவ்வுழைப்பு அவருடைய உடலுக்குத் தேவையான பயிற்சியாக அமையவில்லை என்பதும் உண்மை. அவ்வாறாயின், அப்பயிற்சியை அவர் ஏன் மேற்கொள்வதில்லை?

தெரிந்து தெளிவோம்

*உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 18 முதல் 64 வயதுக்குட்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கத்திலோ 75 முதல் 150 நிமிடம் வரை விரைவான உடலியக்கத்திலோ ஈடுபட வேண்டும். வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை. ஒருமுறைக்குக் குறைந்தது பத்து நிமிடம் தொடர வேண்டும் என்ற முந்தைய வரையறை இவ்வழிகாட்டுதலில் நீக்கப்பட்டது. சிறிது நேர அசைவும் கணக்கில் சேரும்.*

தடைகள்

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடம். கேட்பதற்கு இது சிறிய அளவாகத் தோன்றும். மாதச் சம்பளம் பெறுபவருக்கு அரைமணி நேர நடையால் வருவாய் குறைவதில்லை. நெசவாளரின் நிலை வேறு. அவருக்குக் கூலி, சேலைக் கணக்கில் அளிக்கப்படுகிறது. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலையை நெய்து முடிக்கப் பத்து நாளும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். தறி ஓடாத நேரத்துக்குக் கூலி இல்லை. தெருமுனைவரை நடந்து திரும்பும் நேரம், அவர் மனக்கணக்கில், நெய்யப்படாமல் போன துணியின் அளவாகவே பதிகிறது. 2019-20ஆம் ஆண்டு நடைபெற்ற நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்நிலையில் நேரம் என்பது உணவோடும் கடனோடும் பிணைந்த பொருளாகிவிடுகிறது.

இரண்டாவது தடை களைப்பு. மாலையில் தறியைவிட்டு எழும்போது நெசவாளரின் உடல் வேண்டுவது படுக்கையே. கட்டட வேலை செய்வோர், சுமை தூக்குவோர், தெருக்களைத் துப்புரவு செய்யும் தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரின் நிலையும் இதுவே. அதிகாலையில் எழுந்து நடக்கலாம் என்று அறிவுரை கூறுவது எளிது. தூய்மைப் பணியாளரின் வேலை தொடங்குவதே அந்த அதிகாலையில்தான்.

மூன்றாவது தடை இடம். வீட்டின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொண்டால், கைகால்களை நீட்டி மடக்கவும் இடம் எஞ்சுவதில்லை. தெருவோ குறுகலானது, இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் நெருக்கியடிக்கும். கோயில்களுக்கும் கடைகளுக்கும் வெளியூர்ப் பேருந்துகள் வந்து சேரும் நாள்களில் பெரிய வீதிகளிலும் நடப்பதற்கு வழி கிடைப்பது அரிது. கட்டணம் செலுத்திச் சேரும் உடற்பயிற்சிக் கூடம் தினக்கூலி பெறுபவரின் எண்ணத்திலும் இடம்பெறுவதில்லை.

பருவநிலையும் தன் பங்குக்குத் தடையாகிறது. கோடையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்தது. வடகிழக்குப் பருவமழையின்போது தறிக்குழிக்குள் நீர் ஊறி வேலை தடைபடும். வேலையில்லாத அந்நாள்களில் நேரம் கிடைக்கிறது என்று மகிழ முடிவதில்லை. இழந்த கூலியை ஈடுசெய்ய, மழை விட்டபின் கூடுதல் நேரம் உழைக்க நேரிடுகிறது.

பெண்களுக்கு இத்தடைகள் இரட்டிப்பாகின்றன. நாடாவுக்குத் தார் சுற்றுவது, பாவு வேலைக்கு உதவுவது, தறியில் அமர்ந்து நெய்வது எனப் பல பணிகளைப் பெண்கள் செய்கின்றனர். அதனோடு சமையலும் துணிதுவைத்தலும் குழந்தை வளர்ப்பும் சேர்கின்றன. 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம்; ஆண்கள் செலவிடும் நேரம் 97 நிமிடம். இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் 57 விழுக்காட்டினர், ஆண்கள் 42 விழுக்காட்டினர் என்று 2022ஆம் ஆண்டுக்கான உலக நலவாழ்வு நிறுவன மதிப்பீடு கூறுகிறது. இவ்விரு புள்ளிவிவரங்களையும் சேர்த்துப் பார்த்தால், பெண்களிடம் இல்லாதது ஆர்வமன்று, தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நேரமே என்பது புலப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஊராரின் பார்வை நிற்கிறது. ‘நடைப்பயிற்சி வசதியுள்ளவர்கள் செய்வது’ என்னும் எண்ணம் உழைப்பாளரிடமும் ஆழப் பதிந்திருக்கிறது. நெசவாளரொருவர் காலணி அணிந்து கைவீசி நடந்தால், “வேலை இல்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. பெண் நடந்தால் கேள்விகள் இன்னும் மிகும். உழைப்பவர் உடலைப் பேணுவதை வீண்பொழுதாகக் கருதும் இம்மனப்பான்மை, கண்ணுக்குத் தெரியாத தடை.

நிற்கும் கால்கள்

தறியில் நெய்த சேலை கடைக்குச் சென்றபின் வேறொரு தொழிலாளியின் உடல் வருந்தத் தொடங்குகிறது. பட்டுக்கடைகளில் வாடிக்கையாளர் பாய்விரிப்பில் அமர்ந்திருப்பார். அல்லது நாற்காலியில் இருப்பார். சேலைகளை எடுத்துப் பிரித்துக் காட்டி, மீண்டும் மடித்து அடுக்கும் விற்பனையாளருக்கு அமரும் வாய்ப்புக் குறைவு. முகூர்த்தக் காலங்களில் கூட்டம் பெருகும்போது நிற்கும் நேரமும் கூடுகிறது.

நெடுநேரம் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும், பாதம் வீங்கும், நாளடைவில் நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொள்ளும். நெசவாளருக்கு எழுந்து நடக்க நேரமில்லை. விற்பனையாளருக்கு அமர இருக்கை இல்லை. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குத் துன்பமாகிறது. இருவருக்கும் பொதுவானது ஒன்று: தம் உடலின் நிலையைத் தாமே மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களிடம் இல்லை.

இவ்வகையில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த சட்டத் திருத்தம் குறிப்பிடத்தக்கது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி அளிக்கப்பட வேண்டும் என்றும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்றும் அது வகைசெய்கிறது. கேரளம் 2018ஆம் ஆண்டிலேயே இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்தது. அமர்வதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே, உடல்நலம் தனிமனிதரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதை உணர்த்துகிறது.

ஓய்வு நேரம் வந்த வழி

பயிற்சிக்கு நேரம் வேண்டும். அந்நேரம் தொழிலாளருக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரப் பொழுதுபோக்கு, எட்டு மணி நேர உறக்கம் என்று நாளை மூன்றாகப் பகுக்கும் கொள்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஓவன் முன்வைத்தார். 1919ஆம் ஆண்டு உருவான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளின் வேலை நேரத்தை நாளுக்கு எட்டு மணியாக வரையறுப்பதாக அமைந்தது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவைக் கொண்டாடினார்.

இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டியது நடுவிலுள்ள எட்டு மணி நேரம். உறக்கத்துக்குரிய நேரத்திலிருந்து வேறாக அது கேட்கப்பட்டது. கல்விக்கும் கலைக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரம் உழைப்பவருக்கும் வேண்டும் என்பதே அக்கோரிக்கையின் பொருள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாக வரையறுத்தது. வீட்டுத்தறியில் துண்டுக்கூலிக்கு நெய்பவரின் நாளை அளக்க எந்தச் சங்கொலியும் இல்லை. அவர் எப்போது எழ வேண்டும் என்பதைக் கூலியே முடிவுசெய்கிறது.

வழிகள்

தடைகளை அறிந்தால் தீர்வுகளும் தெளிவாகும். முதலாவது, வேலையின் அமைப்பை மாற்றுதல். வடிவமைப்புக்கான ஜக்கார்டுக் கருவியைக் காலால் மிதித்து உயர்த்துவதற்கு மாற்றாகச் சிறு மோட்டார் பொருத்துவது கால்களின் பளுவைக் குறைக்கும். முதுகைத் தாங்கும் இருக்கை, போதிய வெளிச்சம், உயரத்துக்கேற்ற தறியமைப்பு ஆகியவை உடலின் இறுக்கத்தைத் தளர்த்தும். களைப்புக் குறைந்தால்தான் நடப்பதற்கு வலு எஞ்சும்.

இரண்டாவது, வேலைக்கு இடையே சிறு அசைவுகளைப் புகுத்துதல். சிறிது நேர அசைவும் பயன்தரும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. மணிக்கொருமுறை குழியிலிருந்து எழுந்து, முதுகைப் பின்னோக்கி வளைத்து, தோள்களைச் சுழற்றி, வாசல்வரை நடந்து திரும்பச் சில நிமிடங்கள் போதும். தார் தீரும்போதும் இழையறுந்து முடிச்சிடும்போதும் இயல்பாகவே வேலை நிற்கிறது. அந்த இடைவெளிகளை எழுந்து நிற்பதற்கு வாய்ப்பாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, மருத்துவம் தொழிலாளரின் இருப்பிடத்தைத் தேடிச் செல்லுதல். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளோடு இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. மருத்துவமனையில் காத்திருந்து ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சுவோருக்கு இது பேருதவி. தறியருகே வந்து நிற்கும் இயன்முறை மருத்துவர், அத்தறியில் அமரும் உடலுக்கு ஏற்ற பயிற்சியைக் கற்றுத்தர முடியும்.

நான்காவது, பொதுவெளி. 2023ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீள நடைபாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளின் பயன், தறித்தெருக்களிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் நிழலும் வெளிச்சமும் உள்ள சிறு வெளிகள் அமையும்போது உழைப்பாளரையும் எட்டும். கோயிற் குளக்கரைகளும் பள்ளி மைதானங்களும் குறிப்பிட்ட நேரங்களில் அனைவருக்கும் திறந்திருந்தால் ஊரே பயன்பெறும். கோயில் திருவிழா நாள்களில் வாகனங்கள் விலக்கப்பட்ட வீதிகளில் முதியவரும் பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி நெடுந்தொலைவு நடப்பதைக் காணலாம். இடமும் துணையும் இருந்தால் மக்கள் நடப்பார்கள் என்பதற்கு அதுவே சான்று.

இவை அனைத்துக்கும் அடிப்படை நியாயமான கூலி. எட்டு மணி நேர நெசவில் குடும்பம் நடத்தப் போதிய வருவாய் கிடைத்தால், ஒன்பதாம் மணி நேரம் நெசவாளருக்கு உரியதாகும். அதேபோல் வீட்டு வேலையை ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொண்டால், பெண்ணுக்கும் ஒரு மணி நேரம் சொந்தமாகும்.

மருத்துவரும் நெசவாளரும் நடத்திய உரையாடலை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். “நடங்கள்” என்று கூறுவதோடு நில்லாமல், “நீங்கள் எத்தனை மணி நேரம் தறியில் இருக்கிறீர்கள்? எப்போது எழ முடியும்? நடக்க அருகில் இடம் உண்டா?” என்று மருத்துவர் கேட்டிருந்தால் அறிவுரை வேறு வடிவம் பெற்றிருக்கும். நெசவாளரும் தம் களைப்பை மறுத்துப் பேசுபவராக மருத்துவரைக் கருதியிருக்கமாட்டார். உடற்பயிற்சி செய்யாதவரைச் சோம்பேறி என்று எண்ணுமுன், அவருடைய நாளில் அவருக்கென்று எத்தனை நிமிடங்கள் இருக்கின்றன என்று கணக்கிட வேண்டும். ஒரு சேலையின் விலையில் பட்டும் சரிகையும் கூலியும் சேர்வதுபோல், அதை நெய்தவர் நிமிர்ந்து நடப்பதற்கான நேரமும் சேர வேண்டும்.

சொற்பொருள்

பாவு – தறியில் நீளவாக்கில் கட்டப்படும் நூல்
ஊடை – குறுக்குவாக்கில் செலுத்தப்படும் நூல்
நாடா – ஊடை நூலைத் தாங்கி ஓடும் கருவி
தார் – நாடாவினுள் வைக்கப்படும் நூல் சுற்றிய சிறு குழல்
கோர்வை – சேலையின் உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் முறை

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் உடலுழைப்பில் ஈடுபடும் மூவரைச் சந்தித்து, அவர்களது ஒரு நாளின் வேலை, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் நேரங்களை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரும் ஒரு வாரத்தில் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டு, அதனைப் பகிர்ந்துகொள்ளும் வழிகளைக் குடும்பத்தாருடன் கலந்துரையாடுக.

3. ‘உழைப்பவருக்கு உடற்பயிற்சி தேவையில்லை’ என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. உங்கள் ஊரில் அனைவரும் நடப்பதற்கும் விளையாடுவதற்கும் ஏற்ற பொதுவெளி அமைத்துத் தருமாறு உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.